நெற்கடகத்தருகே இருக்கும் பிள்ளை

கேள்வி: ஓட்டிசம் உள்ள என் நான்கு வயது மகன், கனடாவிலிருந்து அண்ணர் அனுப்பிய, விளக்கெரிந்து பாடும் காரைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். வேறு என்ன விளையாட்டுச் சாமான் கேட்கலாம்? அப்பம்மாவின் நெற்கடகத்துக்குள் கையை விட்டு அளைவதுதான் அவனுக்கு விருப்பம். ஆட்கள் வந்தால் உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவோம்.
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கையே, உங்கள் கேள்விக்கு மகன் முன்னரே விடை சொல்லிவிட்டான், அந்த விடையைத்தான் ஆட்கள் வரும்போது உள்ளே இழுத்துச் சென்று மறைக்கிறீர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற வெட்கத்தைத் தவிர வேறு காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. பெற்றவளின் வெட்கத்துக்காக நான்கு வயதுப் பிள்ளை தன் விளையாட்டை விட்டு எழும்ப வேண்டும் என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு ஓசையும் வெளிச்சமும் தொடுகையும் மற்றவர்களைவிட மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ உறைக்கும். ஒரே பிள்ளைக்கு ஓசை தாங்க முடியாததாகவும் தொடுகை போதாததாகவும் இருப்பதுண்டு. ஆகவே காரைக் கண்டு அலறுவது பிடிவாதமும் அல்ல, நெல்லுக்குள் கையைப் புதைப்பது பைத்தியமும் அல்ல. சத்தமில்லாமல் அளையவும் பிசையவும் அழுத்தவும் கூடியவற்றைக் கொடுங்கள்: நெல், பயறு, மணல், பிசைந்த கோதுமை மா, வாளித் தண்ணீர். இதே நெல்லின் சுணை வேறொரு பிள்ளைக்குப் பொறுக்காது என்பதால், அயல்வீட்டுப் பிள்ளைக்குப் பிடித்ததை இவன்மேல் திணிக்க வேண்டாம்.

மூக்கிலோ காதிலோ நெல் போய்விடக்கூடும் என்பதால் பெரியவர் ஒருவர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் நிறமணிகளை வாங்கவே வேண்டாம்; விழுங்கினால் குடலில் பருத்து அடைத்துவிடக்கூடும். அந்தக் காரில் பொத்தான் பற்றரி (பொத்தான்போலச் சிறிய வட்டமான பற்றரி) இருந்தால் இன்றே கழற்றி எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடியது அது.

அவனைக் கடகத்தருகே இருக்கவிட்ட அப்பம்மாவுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிய வேண்டும். வீட்டுக்கு வரும் உறவுகள் பிள்ளையைப் பார்த்துப் பழகாவிட்டால், நாளை உங்களுக்கு முடியாமல் போகும்போது அவனை யார் பார்ப்பார்கள்? ஒளித்து வளர்த்த பிள்ளைக்கு உறவு இராது. அவனைச் சொந்தபந்தத்தின் நடுவே வைத்து வளர்ப்பது உங்கள் கடமை.

அண்ணரிடம் சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி ஒன்றைக் கேளுங்கள். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும்போது அதை அவனுக்கு மாட்டிக் கூட்டிச் செல்லுங்கள். பறையொலி அவனுக்கு மிஞ்சினால் சற்றுத் தூரத்தில் அவனோடு இருந்து கும்பிடுங்கள்.