கொள்ளைக்காரன் புதைத்த தங்கம் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் கலவெராஸ் கவுண்டி பக்கம் நண்பரோடு மெட்டல் டிடெக்டர் எடுத்துக்கொண்டு போனேன். மரத்தடியில் தோண்டியதில் துருப்பிடித்த டப்பாவில் பதினொரு தங்கக் காசுகள் கிடைத்தன. அந்தக் காலத்துக் கொள்ளைக்காரன் பிளாக் பார்ட் புதைத்ததுதான் என்று அடித்துச் சொல்கிறார் நண்பர். செத்துப்போன திருடனின் பணம்தானே, வைத்துக்கொள்ளலாமா?

பதில்: தோண்டிய இடம் யாருடையது? முக்கியமான அந்த விஷயத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். அந்தப் பக்கம் ஸ்டானிஸ்லாஸ் தேசிய வனம் உட்பட மத்திய அரசு நிலம் நிறைய. அங்கே நூறு வருடம் கடந்த தொல்லியல் பொருளை அனுமதியில்லாமல் எடுப்பது 1979-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். பொருளின் மதிப்பும் இடத்தைச் சீர்செய்யும் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் முதல் தடவைக்கே 20,000 டாலர் வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. அப்படி என்றால் வேறு யாரிடமும் வாய் திறக்காமல் முதலில் ஒரு கிரிமினல் வக்கீலைப் பாருங்கள்.

தனியார் நிலம் என்றால் கதை வேறு. மண்ணுக்குள் புதைந்து கிடந்தது என்றாலே நில உரிமையாளரின் கை ஓங்கிவிடும், பாதிப் பாதி என்று முன்பே எழுதி வாங்கியிருந்தால் ஒழிய. 2013-இல் இதே மாநிலத்தில் ஒரு தம்பதிக்கு எட்டு டப்பாக்களில் 1,400-க்கும் மேற்பட்ட தங்கக் காசுகள் கிடைத்தன. சொந்த நிலம் என்பதால் பங்குச் சண்டை வரவில்லை.

சரி, பிளாக் பார்ட் கதைக்கு வருவோம். நண்பர் சொல்வது உண்மையாக இருந்தால்தான் உங்களுக்குச் சிக்கல். 1875 முதல் 1883 வரை அவன் கைவைத்தது வெல்ஸ் ஃபார்கோ கம்பெனியின் பெட்டிகளை ஏற்றிவந்த குதிரை வண்டிகளில். திருடியவனுக்குச் சொத்துரிமை வராது, அவன் செத்தாலும் வராது. பறிகொடுத்த வாடிக்கையாளர்களுக்குக் கம்பெனியே ஈடு கொடுத்தது, அதனால் உரிமை கேட்க கம்பெனிக்காரர்களால் முடியும், இன்றைக்கும் பேங்காக ஜம்மென்று இருக்கிறார்கள். ஆனால் எனக்கு நம்பிக்கையில்லை. 1883 நவம்பரில் உங்கள் கவுண்டியிலேயே காப்பரோபோலிஸ் அருகே அடித்த கடைசிக் கொள்ளையில் அவன் ஒரு கைக்குட்டையை விட்டுவிட்டுப் போனான். அதிலிருந்த சலவைக் குறியை வைத்து சான் ஃபிரான்சிஸ்கோ லாண்டரிகளில் ஏறி இறங்கி ஆளைப் பிடித்தார்கள், அந்தத் தங்கத்தையும் அவனே திருப்பிக் கொடுத்தான். காசுகளில் உள்ள வருடத்தைப் பாருங்கள். ஒன்றிலாவது 1884-ஓ அதற்குப் பிந்தைய வருடமோ இருந்தால் அது அவன் கொள்ளையடித்த காசு இல்லை. பார்க்கிறேன் என்று துணியால் தேய்த்துவிடாதீர்கள், மதிப்பு போய்விடும்.

தனியார் நிலம், உரிமையாளருக்கும் ஆட்சேபணை இல்லை என்றால், எங்கே எப்போது கிடைத்தது என்று ஒரு அஃபிடவிட் எழுதி ஷெரிஃப் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். 100 டாலருக்கு மேற்பட்ட பொருளுக்கு மாநிலச் சட்டம் கேட்பது அது. 90 நாளில் யாரும் வராவிட்டால், விளம்பரம் கொடுத்துவிட்டு உங்களிடமே தருவார்கள். பதுக்கினால் அது திருட்டு.

அப்புறம் வருமான வரி. பழைய பியானோவுக்குள் 4,467 டாலர் கிடைத்த ஒருவர் அதற்கு வரி கிடையாது என்று வாதாடி 1969-இல் தோற்றார். காசு உங்கள் கைக்கு வரும் வருடக் கணக்கில் அன்றைய சந்தை மதிப்பைக் காட்ட வேண்டியிருக்கும், விற்காவிட்டாலும்கூட.