சிரிக்க வைக்காத காதல் கதை – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

சமீபத்தில் நாகர்கோவிலில் ஒரு நாவல் வாங்கினேன். நகைச்சுவைக் காதல் நாவல் என்று பின்னட்டையில் போட்டிருந்தார்கள். நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலையே கதி என்று கிடக்கும் பெண், முதலாளியின் கட்டாயத்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு போர்ச்சுகலின் லிஸ்பன் நகருக்குப் போகிறாள். அங்கே பழைய சுவர் ஓடுகளைப் பழுதுபார்க்கும் ஓர் இளைஞனைச் சந்திக்கிறாள். பிறகு நடப்பதையெல்லாம் நீங்களே ஊகித்துவிடலாம். எனக்கு ஓரிடத்தில்கூடச் சிரிப்பு வரவில்லை. நானும் ஆடிட்டர் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன். அவள் ஊருக்குப் போவது செப்டம்பர் மாதத்தில்! அந்தப் பக்கத்திலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. லேசாக வாசித்துவிட்டுப் போகவேண்டிய கதையிடம் நான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா?

வாசகி, தக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

நாவலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் உங்கள் கடிதத்திலிருந்து நீக்கியிருக்கிறேன். எழுதியவர் புதியவர், இது அவருடைய முதல் நூல். நானும் அதை வாசித்தேன், எனக்கும் ஏமாற்றமே.

நீங்கள் அதிகமாக எதிர்பார்க்கவில்லை. காதலும் நகைச்சுவையும் சேர்ந்த கதை எளிதானது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. துயரக் கதையில் ஒரு சாவு வந்து ஆசிரியருக்குக் கைகொடுத்துவிடும். இங்கே அந்த இருவரும் சேரப்போகிறார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்குத் தெரியும். ஆகவே, அவர்கள் சேர்வதற்கு ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்விக்கு அவர்களுடைய குணத்திலிருந்தே விடை வந்தாக வேண்டும். இந்த நாவலில் அந்தத் தாமதத்துக்குக் காரணம், கதாநாயகி பாதியில் கேட்டுத் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு தொலைபேசி உரையாடல். ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்திலும் ஒளிந்திருந்து கேட்பது உண்டு. ஆனால் அங்கே, ஓயாமல் சண்டையிடும் பெனடிக்கும் பியாட்ரிசும் தனித்தனியே ஒளிந்திருந்து கேட்பது நண்பர்கள் வேண்டுமென்றே பேசும் பேச்சை. மனத்துக்குள் ஏற்கெனவே விருப்பம் இருப்பதால்தான் அந்தப் பொய் அவர்களிடம் பலிக்கிறது.

நம் மரபில் இதற்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இருக்கிறது. கலித்தொகையில் கபிலர் பாடிய ஐம்பத்தொன்றாம் பாட்டைப் பாருங்கள். சிறுவயதில் மணல்வீட்டைக் காலால் மிதித்துக் கலைத்துவிட்டு ஓடிய பையன், வளர்ந்தபின் ஒருநாள் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிறான். தாய் சொன்னபடி மகள் தண்ணீர் கொண்டுபோகிறாள். அவன் அவளுடைய வளையணிந்த முன்கையைப் பற்றிவிடுகிறான். திடுக்கிட்டவள், “அன்னாய், இவன் செய்ததைப் பார்” என்று கூவுகிறாள். தாய் அலறி ஓடிவரும் அந்த ஒரு நொடிக்குள் அவளுடைய மனம் மாறிவிடுகிறது. தண்ணீர் குடிக்கும்போது விக்கினான் என்று சொல்லிவிடுகிறாள். அதை நம்பிய தாய் அவன் முதுகைத் தடவிக்கொடுக்க, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். காதல், சிரிப்பு இரண்டுமே அந்த ஒரு பொய்யில் இருக்கின்றன. அந்தப் பொய்யை அவளே தேர்ந்து சொல்கிறாள்.

நாவலின் பெண் எதையும் தேர்வதில்லை. ‘ஓயாத உழைப்பாளி’ என்று முப்பது இடங்களிலாவது சொல்லப்படும் அவள், என்ன வேலை செய்கிறாள் என்பதே நமக்குக் காட்டப்படவில்லை. வேலை என்பது அவளுக்கு ஒரு நோய், லிஸ்பன் அதற்கு மருந்து என்று ஆசிரியர் முதலிலேயே முடிவுகட்டிவிட்டார். குறுந்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, ‘வினையே ஆடவர்க்கு உயிரே’ என்று தொடங்கி, மகளிர்க்கு ஆடவரே உயிர் என்றும் சொல்கிறார். அதே நான்கு அடிகளுக்குள் தோழி, ‘அழாதே, அவர் போகமாட்டார்’ என்று தலைவியைத் தேற்றுகிறாள். வேலையும் காதலும் அங்கே சரிக்குச் சரி நிற்கின்றன. வினையை உயிராகக் கொண்ட ஒரு பெண் நம் காலத்தில் காதலில் விழுந்தால் என்ன ஆகும் என்பது எவ்வளவு பெரிய கதை! அது கையில் இருந்தும் ஆசிரியர் விட்டுவிட்டார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

நீங்கள் சொன்ன செப்டம்பர் மாதத்தையே எடுத்துக்கொள்வோம். வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. அந்த மாதத்தில் ஊரை விட்டுப் போனவளுடைய கைபேசி எப்படி அடித்துக்கொண்டே இருந்திருக்கும்! நாகர்கோவிலில் காலை பத்து மணி என்றால் லிஸ்பனில் அப்போது அதிகாலை ஐந்தரை. இங்கே நள்ளிரவில் கடைசிக் கணக்குக் கோப்பை மூடும்போது அங்கே இரவு ஏழரை. அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் பொழுது என்று ஒன்று கிடைக்கும், அதற்குள் அவனோ கடையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பான். இந்த நான்கரை மணி நேர வேறுபாடு ஒன்றே ஒரு நாவலுக்குப் போதுமான சிக்கல்களைத் தந்திருக்கும். பாதி கேட்ட தொலைபேசிப் பேச்சு தேவைப்பட்டிருக்காது.

ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் டிராம், முட்டையும் பாலும் சேர்த்த சிறு பலகாரம், ஆற்றங்கரையில் மாலைவெயில் எல்லாம் நாவலில் வருகின்றன. ஆனால் கிறிஸ்தவ மறைபணியாளரான பிரான்சிஸ் சவேரியார் 1541இல் இந்தியாவுக்குக் கப்பலேறியது அந்த நகரத்திலிருந்துதான். நாகர்கோவிலின் கோட்டாற்றில் அவர் பெயரில் ஆலயம் இருக்கிறது, டிசம்பர் 3 அன்று அவர் திருவிழாவுக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். நாகர்கோவிலில் வளர்ந்த பெண்ணுக்கு அங்கே ஓரிடத்திலாவது இது நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் நடுவில் உயிருள்ள ஒரு பக்கம் இருக்கிறது. அலுவலகத்திலிருந்து உதவியாளர் அழைத்து, ஒரு வவுச்சர் கட்டு கிடைக்கவில்லை என்கிறார். எந்த பீரோ, எத்தனையாவது தட்டு, எந்த நிற நூலால் கட்டியது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறாள். மொழி புரியாத அந்த இளைஞன், ஓடு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவளைப் பார்க்கிறான். உடைந்துபோன நீல ஓடுகளுக்கிடையே விடுபட்ட ஒன்றைத் தேடுகிறவன் அவன், வரிசை எண்ணில் விடுபட்ட ரசீதைத் தேடுகிறவள் இவள். ஒருவர் தொழிலை மற்றவர் கண்டுகொள்ளும் இந்த இடத்திலிருந்து காதலைத் தொடங்கியிருக்கலாம். ஆசிரியரோ அடுத்த பத்தியிலேயே கைபேசியை ஆற்றில் போடச் செய்து, அதை விடுதலை என்கிறார்.

அந்தப் பக்கத்தை எழுதியவரால் இதைவிட நல்ல நாவலை எழுத முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பதிப்பகத்தின் முகவரி நூலின் உள்பக்கத்திலேயே இருக்கிறது. எனக்கு எழுதியதை அவருக்கும் எழுதுங்கள். செப்டம்பர் கடைசி வாரத்தில் உங்கள் அலுவலகத்தில் இரவு எப்படிப் போகும், யார் யாருக்குச் சாப்பாடு வாங்கி வருவார்கள், கடைசி நேரத்தில் எந்தக் கணக்கு இடிக்கும் என்பதையெல்லாம் விரிவாகவே எழுதுங்கள். என்னுடைய விமர்சனத்தைவிட அவருக்கு அதுதான் பயன்படும்.

அன்புடன்