புதுக் கப்பல் வரவில்லை, கட்டிய பணமும் வரவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி: நான் மதுரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கணவர், மகள், ஒன்பது வயதுப் பேரன் ஆகியோரோடு பார்சிலோனாவிலிருந்து ஏழு இரவுகள் கப்பல் பயணம் போக, சென்னையில் உள்ள ஒரு டிராவல்ஸ் மூலம் பதிவு செய்தேன். 'புத்தம் புதிய கப்பல், முதல் மாதப் பயணம்' என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விளம்பரத்தைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டோம். ஜிஎஸ்டி, டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து வரித்துறையில் கட்டும் வருமான வரி) எல்லாம் சேர்த்து 7,27,650 ரூபாய் கட்டினேன். விமான டிக்கெட் தனியாக 2,48,000 ரூபாய். இப்போது கப்பல் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: கப்பல் இன்னும் தயாராகவில்லை, அதே தேதியில் தங்களின் பழைய கப்பல் ஒன்றில் அழைத்துப் போவார்களாம். வேண்டாம் என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமாம். 14 நாளில் ஏஜென்ட் மூலம் பதில் சொல்லாவிட்டால் பழைய கப்பலுக்குச் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களாம். ஏஜென்டைக் கேட்டால், "நாங்கள் வெறும் இடைத்தரகர். எங்கள் விதிமுறைப்படி பணம் திரும்பாது. ஒரு வருடத்துக்குள் வேறு டூர் போக கிரெடிட் நோட் தருகிறோம்" என்கிறார். வழக்கு என்றால் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துவைக்கும் நடுவர் முன்போ மும்பை நீதிமன்றத்திலோதான் போட முடியும் என்றும் சொல்கிறார். ஆறு நாள் ஓடிவிட்டது. பழைய கப்பலிலேயே போய்விடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள அம்மா,

மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்குள் கப்பல் நிறுவனத்துக்கும் ஏஜென்டுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். நான்கு வரி போதும். "நாங்கள் பதிவு செய்தது இந்தப் பெயருள்ள புதிய கப்பலுக்கு. மாற்றுக் கப்பலுக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. நீங்களே அளித்த வாய்ப்பின்படி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கிறோம். கிரெடிட் நோட்டை ஏற்கவில்லை." பதிவு எண்ணையும் தேதியையும் குறிப்பிடுங்கள். ஏஜென்ட் மூலம்தான் சொல்ல வேண்டும் என்று நிறுவனம் எழுதியிருந்தாலும், நீங்கள் நேரடியாகவும் சொல்லிவிடுங்கள். பேசாமல் இருந்ததையே சம்மதமாகக் கொள்வதை நம் ஒப்பந்தச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் அதை நிரூபிக்கும் வேலை நமக்கு எதற்கு? இன்னும் எட்டு நாள் கையில் இருக்கிறது. ஏஜென்ட் தொலைபேசியில் கேட்டால் "பார்க்கலாம்" என்றுகூடச் சொல்லாதீர்கள், வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லி வையுங்கள். "பாதி ஒத்துக்கொண்டார்கள்" என்று நாளை பதில் மனுவில் அது வந்து நிற்கும். அவர் அழைத்தால், "எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்" என்பதே உங்கள் பதிலாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். புதுக் கப்பல் தாமதமாவது அபூர்வமல்ல. குனார்ட் கப்பல் நிறுவனத்தின் 'குயின் ஆன்' 2024 ஜனவரியில் கிளம்புவதாக இருந்து, மே 3-ஆம் தேதிதான் சவுத்தாம்ப்டனிலிருந்து முதல் பயணம் போனது. 'சன் பிரின்சஸ்' 2024 பிப்ரவரி 8-க்குப் பதில் 28-இல் கிளம்பியது. சிங்கப்பூரிலிருந்து ஓடும் 'டிஸ்னி அட்வென்ச்சர்' 2025 டிசம்பர் 15-இல் புறப்படும் என்று அறிவிக்கப்பட்டு, 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது. கார்னிவலின் 'மார்டி கிரா' கதை இன்னும் நீளம்: 2020 ஆகஸ்ட் என்றார்கள், பிறகு நவம்பர் என்றார்கள், இடையில் கொரோனாவும் வர, 2021 ஜூலை 31-இல்தான் பயணிகளை ஏற்றியது. இவ்வளவு பெரிய கப்பல் ஒரு சிறு நகரத்துக்குச் சமம். இன்ஜினும் சுக்கானும் கடல் சோதனையில் தேறிய பிறகும் அரங்கம், சமையற்கூடம், ஆயிரக்கணக்கான கேபின்கள் என்று உள்வேலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே தாமதத்துக்காக மட்டும் கப்பல் நிறுவனத்தின் மேல் கோபப்பட வேண்டாம். மாற்றுக் கப்பலா, பணமா என்று அவர்கள் உங்களையே கேட்டுவிட்டார்கள். கிடைக்காத சேவைக்கு நீங்கள் கட்டிய பணத்தை ஏஜென்ட் தன்னிடம் வைத்துக்கொள்வதுதான் தவறு. உங்கள் வழக்கு அவர் மேல்தான்.

"நான் இடைத்தரகர்" என்பது இத்தொழிலில் அடிக்கடி கேட்கும் பதில். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 230-இன்படி, யார் சார்பில் என்று தெரிவித்துவிட்டுச் செயல்படும் முகவர் பொதுவாகத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். பயணத் தொகை 6,60,000, அதற்கு 5% ஜிஎஸ்டி 33,000, அதன்மேல் 5% டிசிஎஸ் 34,650. வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பில் டிசிஎஸ் வசூலிப்பவர் அந்தத் தொகுப்பை விற்பவர். தன் சொந்தப் பெயரில் இன்வாய்ஸ் போட்டு, தன் ஜிஎஸ்டி எண்ணை அச்சிட்டு, விற்பவர் என்ற முறையில் டிசிஎஸ்ஸும் பிடித்தவர், பணத்தைத் திருப்பும் நாளில் மட்டும் இடைத்தரகராக மாற முடியாது. உங்கள் வழக்கின் முதுகெலும்பே இந்த ஒரு தாள்தான். அசலைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த 34,650 ரூபாயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். ஏஜென்ட் அதை வரித்துறையில் கட்டியிருந்தால், யாருடைய பான் எண்ணைக் கொடுத்தீர்களோ அவருடைய படிவம் 26ஏஎஸ்-இல் (ஒருவர் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் வரித்துறைப் பதிவு) வரவாகியிருக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லை என்றால் திரும்பப் பெறலாம். எனவே ஏஜென்டிடம் 6,93,000 ரூபாயைக் கேளுங்கள். 26ஏஎஸ்-இல் அந்த வரவு இல்லை என்றால் 34,650-ஐயும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, 'பணம் திரும்பாது' என்ற விதிமுறை? நீங்கள் மனம் மாறி ரத்து செய்திருந்தால் அதற்குக் கொஞ்சம் பலம் இருந்திருக்கும். இங்கே நீங்கள் ரத்து செய்யவில்லை. வாங்கிய பொருளே இல்லாமல் போய்விட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47), குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஒருதலைப்பட்சமாக எழுதிவைத்த ஒப்பந்த வாசகம் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல், பயனியர் அர்பன் லேண்ட் எதிர் கோவிந்தன் ராகவன் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது அடுக்குமாடி வீடு வாங்கியவர் தொடர்ந்த வழக்கு, ஆனாலும் வாதம் இங்கும் பொருந்தும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. 'இந்த ஒப்பந்தமே நியாயமற்றது, அந்த விதியை ரத்து செய்யுங்கள்' என்று முக்கியக் கோரிக்கையாக எழுதினால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதை விசாரிக்கும் அதிகாரம் இல்லை. நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகார் மாநில ஆணையத்தில்தான் தொடங்க வேண்டும். ஆகவே 'சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை, பணத்தைத் திருப்பித் தர உத்தரவு' என்ற வகையில் மனுவை எழுதுங்கள். அந்த விதிமுறையை எதிர்தரப்பு தூக்கிக்கொண்டு வரும்போது மேற்சொன்ன தீர்ப்பைக் காட்டுங்கள்.

மும்பை பற்றிக் கவலை வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். நடுவர் மன்ற விதி நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பதும் எமார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்துபோன விஷயம். இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது அமெரிக்க நிலைமையைப் பார்த்தால் தெரியும். வாஷிங்டன் மாநிலத் தம்பதி கப்பலில் போனபோது மனைவி வழுக்கி விழுந்து காயமடைந்தார். டிக்கெட்டில் அச்சிட்டிருந்த ஒரு விதியை வைத்து, நாட்டின் மறுகோடியில் இருக்கும் புளோரிடாவில்தான் வழக்குப் போட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் கார்னிவல் எதிர் ஷூட் வழக்கில் தீர்ப்பளித்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை.

கப்பல் நிறுவனத்தையும் எதிர்தரப்பில் சேர்க்கலாமா? அவர்களுக்கு இந்தியாவில் அலுவலகமோ அதிகாரபூர்வப் பிரதிநிதியோ இருந்தால் இரண்டாம் எதிர்தரப்பினராகச் சேர்த்துவிடுங்கள். பணம் தங்களிடம் வந்ததா, ஏஜென்டிடமே நின்றதா, திருப்பி அனுப்பிவிட்டார்களா என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் நோக்கம். இந்த மூன்று கேள்விகளையும் இன்றைய மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள். "ஏஜென்டுக்கு இன்ன தேதியில் திருப்பிவிட்டோம்" என்று ஒரு வரி பதில் வந்தால் பாதி வழக்கு முடிந்தது.

விமான டிக்கெட்டில்தான் உங்களுக்கு இனிப்பாக எதுவும் சொல்ல முடியவில்லை. நீங்கள் தனியாக வாங்கியது, கப்பல் நிறுவனம் அதற்குப் பொறுப்பில்லை என்று அவர்களின் பயண ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அதே ஏஜென்ட்தான் அந்த டிக்கெட்டையும் போட்டுக்கொடுத்தார், அல்லது "விலை ஏறும், உடனே வாங்குங்கள்" என்று அவசரப்படுத்தினார் என்பதற்கு வாட்ஸ்அப் செய்தி இருந்தால் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-இன்படி அந்த நஷ்டத்தைக் கேட்கலாம். இந்த நஷ்டம் வரும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் அந்த வாதம். அப்படி ஆதாரம் இல்லை என்றால் முழுத் தொகையை எதிர்பார்க்காதீர்கள். விமான நிறுவனத்திடம் ரத்து செய்து, வரிகளையும் கட்டணங்களையும் திரும்பக் கேளுங்கள். கிடைப்பதைக் கழித்துக்கொண்டு மீதியை மனுவில் கோருங்கள். ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) பெரியவர்களுக்கு 90 யூரோ, பேரன் வயதுக்கு 45 யூரோ என நால்வருக்கும் 315 யூரோ கட்டியிருப்பீர்கள். அதற்கான ரசீதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது. கப்பல் ரத்தானதற்கு அதில் பொதுவாக எதுவும் கிடைக்காது, ஆனாலும் பாலிசியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பணத்தை கிரெடிட் கார்டில் கட்டினீர்களா? அப்படியானால் வங்கியில் 'சேவை வழங்கப்படவில்லை' என்று சார்ஜ்பேக் கோரிக்கை, அதாவது கார்டில் போன பணத்தை வங்கி வழியாகவே திரும்பப் பெறும் கோரிக்கை, வையுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, இந்த வாரமே செய்யுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பியிருந்தால் இந்த வழி இல்லை.

அடுத்தது, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். இப்படிப் பதிந்ததும் பணம் கொடுத்துவிடுகிற நிறுவனங்கள் இருக்கின்றன. அதோடு பதிவுத் தபாலில் 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு நோட்டீஸ். சட்டப்படி அது கட்டாயமில்லை என்றாலும், கேட்டும் தரவில்லை என்பதற்கு அது சாட்சி. அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனு போடுங்கள். நீங்கள் கட்டிய தொகைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். வழக்கறிஞர் கட்டாயமில்லை, காணொளியில் ஆஜராகவும் கேட்கலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேலும் 15 நாள் நீட்டிக்கலாம், அதற்கு மேல் கிடையாது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாகவே ஆகிறது. மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வழக்குப் போட இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, ஆனால் ஆறப்போட வேண்டாம். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் ஒரு நியாயமான தொகையைக் கேளுங்கள். பத்து லட்சம் என்று எழுதுவதால் மனுவின் மதிப்புதான் குறையும்.

வாட்ஸ்அப் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு விடாதீர்கள். உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து வையுங்கள், அந்தப் போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆவணத்துக்கு பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும்.

கணவரின் யோசனைக்கு வருகிறேன். பழைய கப்பலில் போவது சட்டப்படி தவறல்ல, விமான டிக்கெட்டும் வீணாகாது. உங்களுக்கு முக்கியம் மத்தியதரைக் கடலும் ஊர்களும்தான் என்றால் அது நல்ல முடிவாகக்கூட இருக்கும். உண்மையில் பத்து வருடம் ஓடிய கப்பலில் ஊழியர்களுக்கு எல்லாம் பழகியிருக்கும், புதுக் கப்பலின் முதல் மாதத்தில் அவர்களே வழி கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆனால் போவதாக முடிவெடுத்தால் பேரம் பேசிவிட்டுச் சம்மதியுங்கள்: கட்டண வித்தியாசம் எவ்வளவு திரும்பும், அதே வகை கேபின்தானா, துறைமுகங்கள் அவையேதானா என்று எழுத்தில் வாங்குங்கள். புதிய பாதையில் ஷெங்கனுக்கு வெளியே ஒரு துறைமுகம் இருந்தால் ஒருமுறை நுழைவு விசா போதாது, அதையும் பாருங்கள். ஏறிவிட்டு, இறங்கிய பிறகு முழுப் பணத்தையும் கேட்டால் எந்த ஆணையமும் தராது. அதனால் இன்றைய மின்னஞ்சல் போகும் முன், வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்.

பேரனுக்குப் புதுக் கப்பல்தான் வேண்டும் என்றால், அது ஓட ஆரம்பித்து மூன்று நான்கு மாதம் கழித்து ஒரு தேதியைப் பாருங்கள். கப்பல் மாறினால் முழுப் பணமும், வந்த வழியிலேயே, இத்தனை நாளில் திரும்பும் என்று இன்வாய்ஸிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் ஏஜென்டிடம் முன்பணம் கட்டாதீர்கள்.