கேமரா கேள்வி - பதில்: புஷ்கர் வெயிலுக்கு எந்த விளக்கு?

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி ராஜஸ்தானின் புஷ்கர் ஒட்டகச் சந்தைக்குப் போகிறேன். ஒட்டகக்காரர்களைப் போர்ட்ரெய்ட் எடுக்க ஆசை. விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. 60 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றே போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
- வாசகர், கோவை

பொழுது சாய்ந்தபின் போதும். பகலில் அது எரிகிறதா என்றே தெரியாது. உச்சி வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). 60 வாட் எல்.இ.டி.யை, வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிக்கூடான சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் சில ஆயிரம் லக்ஸ் தேறினாலே அதிகம். வெயிலோடு மோத பிளாஷ்தான் வேண்டும்.

எந்த பிளாஷ்? நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 விநாடி வைத்தால் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், எஃப் 11 வரும்; எஃப் எண் குறைந்தால் துவாரம் பெரிது. கேமராவின் தலையில் மாட்டும் சிறு பிளாஷான ஸ்பீட்லைட்டைக் குடை வழியாக அடித்தால், முழு சக்தியில், ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால்தான் அந்த எஃப் 11-ஐ எட்டிப் பிடிக்கும். தொடர்ந்து முழு சக்தியில் அடித்தால் சூடேறித் தானே நின்றுவிடும். அதனால் 200 வாட்-செகண்ட் (ஒரு அடியில் வெளிவரும் சக்தியின் அளவு) பேட்டரி பிளாஷ் ஒன்றைச் சொல்வேன். ஸ்பீட்லைட்டைப் போல இரண்டரை மடங்கு சக்தி, கைப்பையில் அடங்கும் அளவு. அதனுடன் கேமராவிலிருந்து கம்பியில்லாமல் பிளாஷை அடிக்கவைக்கும் ரேடியோ டிரிகர், 85 செ.மீ. வெள்ளைக் குடை, மடக்கினால் அரை மீட்டருக்குள் வரும் ஸ்டாண்ட். சாஃப்ட்பாக்ஸை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இன்னொரு பிளாஷின் ஒளியைப் பார்த்து இயங்கும் ஆப்டிகல் ஸ்லேவையும் நம்ப வேண்டாம், வெயிலில் அது அடிக்கடி ஏமாற்றும்.

ஆளை வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். முதலில் பிளாஷ் இல்லாமல் வானத்துக்குத் தக்க அப்பெர்ச்சர் வையுங்கள். பிறகு பிளாஷை அரைச் சக்தியில் தொடங்கிக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். வெளிச்சம் போதவில்லையா? சக்தியைக் கூட்டுமுன் விளக்கைக் கிட்டே கொண்டு வாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் நாலு மடங்கு. இன்னொன்று: ஸ்டூடியோ வழக்கப்படி விளக்கை மிக உயரே வைத்தால் பெரிய தலைப்பாகையின் நிழல் கண்களை மூடிவிடும். கண் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே போதும்.

பின்னணி தெளிவின்றி மங்கலாக வேண்டுமென்று துவாரத்தைப் பெரிதாக்கி, ஷட்டரை இன்னும் வேகமாக்கும் ஹைஸ்பீட் சிங்க்குக்குப் போனால் பிளாஷின் சக்தி ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அதற்குப் பதில் லென்ஸுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டரில் 3 ஸ்டாப் ஒன்றை மாட்டினால், அதே 1/200-இல் எஃப் 4 கிடைக்கும். வெயிலுக்கும் பிளாஷுக்கும் உள்ள விகிதம் மாறாது.

காற்றடித்தால் குடை பாய்மரமாகி ஸ்டாண்டைச் சாய்க்கும். அதற்குப் பாரமாக மணல் மூட்டையைச் சுமக்க வேண்டியதில்லை. காலித் துணிப்பை இரண்டு கொண்டுபோனால் அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். காற்று பலமானால் குடையைக் கழற்றிவிட்டு நிழலில் எடுங்கள். ஒட்டகத்தின் கண்ணுக்கு நேராக பிளாஷ் அடிக்காதீர்கள். மிரண்டால் கயிறு பிடித்தவர் பாடுதான் திண்டாட்டம்.

பேட்டரிகளைப் பெட்டியில் போட்டு அனுப்பலாமா?
- வாசகி, திருச்சி

கூடாது. உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும். 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்க வேண்டாம்; 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு மட்டும். கணக்கு எளிது: மில்லி ஆம்பியர்-அவரை வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 2900 மில்லி ஆம்பியர்-அவர், 14.4 வோல்ட் என்றால் சுமார் 42 வாட்-அவர். முனைகளில் டேப் ஒட்டுங்கள். லேபிள் அழிந்த பேட்டரியைச் சோதனையில் நிறுத்திவிட வாய்ப்புண்டு.

சூரியன் மறையும் நேரத்தில் பிளாஷ் அடித்தால் முகம் மட்டும் வெளிறி, ஒட்டவைத்தது போல் தெரிகிறதே?
- வாசகர், மதுரை

பிளாஷின் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின் (நிறத்தின் அளவு; எண் குறைந்தால் மஞ்சள்). அந்தி வெயில் அதைவிட மஞ்சள். பிளாஷ் முகப்பில் அரை சி.டி.ஓ. ஜெல் (வெளிச்சத்தை ஆரஞ்சாக்கும் மெல்லிய தாள்) ஒட்டி, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) டேலைட்டில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்த மஞ்சளைக் கழுவிவிடும்.