வெடிக்கும்வரை மூன்று நிமிடம்: திரில்லர் தொடக்கக் காட்சிகள் பற்றிச் சில கேள்விகள்

திரில்லர் படங்களின் முதல் சில நிமிடங்களில் ஒலியும் கேமராவும் எப்படி வேலை செய்கின்றன என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். ஒலிக்கலவை என் தொழில் என்பதால் பேச்சு கண்ணைவிடக் காதுப் பக்கம் கொஞ்சம் சாயும்.

அண்ணா, என் குறும்படத்தின் முதல் காட்சியில் கதவு படாரென்று அடிக்கும். பார்த்த எல்லாருக்கும் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் "டென்ஷனே இல்லையே" என்கிறார்கள். ஏன்?

தம்பி, நீங்கள் செய்தது திடுக்கிட வைப்பது. அது ஒரு நொடியில் முடிந்துவிடும். இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா ட்ருஃபோவிடம் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவாக இதை யாரும் சொன்னதில்லை. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள், அடியில் குண்டு இருக்கிறது. அது நமக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. தெரிந்திருந்தால் அதே வெட்டிப் பேச்சு 15 நிமிடம் நம்மை உலுக்கி எடுக்கும். உங்கள் கதவு அடிக்கப்போகிறது என்பது பார்ப்பவருக்கு முன்பே தெரியவில்லை. அதனால் அவர்கள் எதற்காகவும் காத்திருக்கவில்லை.

அந்தக் குண்டு உதாரணத்தை அப்படியே தொடக்கக் காட்சியாக வைத்த படம் உண்டா சார்?

உண்டு. ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்', 1958. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் ஃபிரேமிலேயே இரண்டு கைகள், டைனமைட், ஒரு டைமர். அந்தக் கைகள் டைமரைத் திருகி ஏறக்குறைய மூன்று நிமிடம் வைக்கின்றன. தூரத்தில் ஒரு பெண்ணின் சிரிப்பு. ஆள் ஓடுகிறான், சுவரில் அவன் நிழல் ஓடுகிறது, ஒரு காரின் டிக்கியில் குண்டை வைத்துவிட்டு மறைகிறான். ஒரு ஜோடி வந்து காரில் ஏறுகிறது. கேமரா கிரேனில் கூரைக்கு மேல் எழும்பி அந்தப் பக்கம் தெருவில் இறங்குகிறது. மெக்சிகோ எல்லையோர ஊர். டிராஃபிக் போலீஸ் காரை நிறுத்துகிறார், தள்ளுவண்டி குறுக்கே வருகிறது, ஆட்டு மந்தை வழியை அடைக்கிறது. இதற்குள் சார்ல்டன் ஹெஸ்டனும் ஜேனட் லீயும் புதுமணத் தம்பதியாக நடந்து வருகிறார்கள். கார் ஒருமுறை அவர்களை முந்துகிறது, ஒருமுறை பின்தங்குகிறது. எல்லைச் சாவடியில் காரில் இருக்கும் பெண், தலைக்குள் டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது என்கிறாள். யாரும் கண்டுகொள்வதில்லை. சுமார் மூன்று நிமிடம் இருபது விநாடி, ஒரு கட் கூடக் கிடையாது.

இங்கே ஒலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. படம் வெளியானபோது ஸ்டுடியோ அந்த ஷாட் முழுக்க ஹென்றி மான்சினியின் இசையை ஓடவிட்டு, மேலே டைட்டிலையும் போட்டுவிட்டது. நல்ல இசைதான், ஆனால் வெல்ஸ் கேட்டது அது இல்லை. ஒவ்வொரு மதுக்கடையைக் கடக்கும்போதும் அந்தந்தக் கடையின் ஒலிபெருக்கியிலிருந்து வேறு வேறு பாட்டு வர வேண்டும், தெருச் சத்தம் கேட்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஸ்டுடியோவுக்கு 58 பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். நாற்பது ஆண்டு கழித்து, 1998இல், அந்தக் குறிப்பை வைத்து, படத்தொகுப்பாளரும் ஒலி வடிவமைப்பாளருமான வால்டர் மர்ச் படத்தைத் திரும்பத் தொகுத்தார். டைட்டிலை எடுத்தார், மேலே பூசியிருந்த இசையை எடுத்தார், கடைப் பாட்டுகளையும் கார் ரேடியோவையும் வைத்தார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். படம் அதே படம். முதல் வடிவத்தில் இசை "பயப்படு, பயப்படு" என்று முழு நேரமும் சொல்லிக்கொண்டே இருக்கும். மர்ச் வடிவத்தில் கார் ஃபிரேமை விட்டுப் போய்விடும், நாம் தம்பதியைப் பார்த்துக்கொண்டிருப்போம். திடீரென்று அந்தக் கார் ரேடியோவின் பாட்டு எங்கிருந்தோ நெருங்கி வரும். குண்டு பக்கத்தில் வந்துவிட்டது என்று காது முதலில் சொல்லும், கண்ணுக்கு அப்புறம்தான் தெரியும். எனக்கு இந்த வடிவம்தான் பல மடங்கு உசத்தி.

ஏன் கட் பண்ணாமல் எடுக்க வேண்டும்? கட் இருந்தால் வேகம் கூடாதா?

கூடும். ஆனால் கட் விழுந்தால் நடுவில் எவ்வளவு நேரம் போனது என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. குண்டுக் கதையில் நேரம்தான் கத்தி. கட் இல்லாததால் திரையில் ஓடும் நேரமும் டைமரில் ஓடும் நேரமும் ஒன்றே. குண்டு வெடிக்கும் நொடியில்தான் வெல்ஸ் முதல் கட்டை வைக்கிறார்.

பின்னணி இசையே இல்லாமல் ஒரு திரில்லரைத் தொடங்க முடியுமா அண்ணா? எங்கள் தயாரிப்பாளர் முடியவே முடியாது என்கிறார்.

முடியும் சகோதரி. 1931இலேயே ஜெர்மனியில் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் செய்துவிட்டார். படத்தின் பெயர் 'எம்'. அவருடைய முதல் பேசும் படம்.

ஒண்டுக்குடித்தன முற்றத்தில் குழந்தைகள் வட்டமாக நின்று, கொலைகாரன் வருவான் என்று பாடி விளையாடுகிறார்கள். கேமரா மேலேயிருந்து பார்க்கிறது. மாடியில் ஒரு அம்மா மகளுக்குச் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். கடிகாரக் குயில் கூவுகிறது, பள்ளி விடும் நேரம். வெளியே சிறுமி எல்சி பந்தைத் தூணில் தட்டி விளையாடுகிறாள். தூணில் கொலைகாரனைப் பற்றிய அறிவிப்பு. அதன் மேல் தொப்பி போட்ட ஒரு நிழல் விழுகிறது. "பந்து அழகாயிருக்கிறதே" என்கிறது குரல். முகம் கிடையாது.

அப்புறம் அவன் விசில் அடிக்கிறான், நார்வே இசையமைப்பாளர் கிரீகின் ஒரு மெட்டு. அவனாக நடித்த பீட்டர் லோரேக்கு விசிலடிக்க வராது, இன்னொருவர்தான் அடித்தார். கதையில் பிற்பாடு, பலூன் விற்கும் பார்வையற்றவர் அவனை அடையாளம் காண்பது இந்த விசிலை வைத்துத்தான்.

வீட்டில் அம்மா "எல்சி!" என்று கூப்பிடுகிறாள். கேமரா அவள் முகத்தில் நிற்பதில்லை. காலி மாடிப்படி, துணி காயும் காலிப் பரண், யாரும் உட்காராத நாற்காலி, சாப்பிடாத தட்டு. கடைசியில் புல்லில் உருண்டு வரும் பந்து, தந்திக் கம்பியில் சிக்கிய பலூன். கொலை காட்டப்படவே இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதில் வராததுதான் அங்கே திகில். உங்கள் தயாரிப்பாளரை உட்காரவைத்து இந்த ஏழெட்டு நிமிடத்தை மட்டும் காட்டுங்கள்.

தமிழில் பழைய உதாரணம் ஏதாவது?

வீணை எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்', 1954. பாட்டே இல்லாத படம். துப்பாக்கி வெடிப்பதிலிருந்தே கதை தொடங்குகிறது, அண்டை வீட்டுக்காரர் காதில் விழுந்த அந்தச் சத்தம்தான் போலீஸைக் கூட்டி வருகிறது. ஆனால் அது யார் சுட்டார் என்ற புதிர். வெல்ஸ் செய்ததிலிருந்து வேறு வகை. அங்கே நமக்கு முன்கூட்டியே தெரியும், இங்கே நமக்கும் தெரியாது. உங்கள் கதை எந்த வகை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

"ம்ம்ம்" என்று அடியில் ஒரு முழக்கம் போட்டால் பயம் வருகிறது. ஆனால் அதே படத்தை மொபைலில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஃபைல் கெட்டுவிட்டதா?

ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். மனிதக் காதுக்குக் கீழ் எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ். நீங்கள் 40, 50 ஹெர்ட்ஸில் முழக்கம் வைத்திருப்பீர்கள். தியேட்டரின் சப் ஊஃபர் அதைத் தரும், மொபைலின் குட்டி ஸ்பீக்கரால் முடியாது. அதனால் அந்த முழக்கத்தில் கொஞ்சம் சாச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாகச் சிதைக்கும் எஃபெக்ட், கொடுங்கள். 200, 300 ஹெர்ட்ஸில் அதன் மேல் ஸ்வரங்கள் பிறக்கும், மொபைலிலும் காது அடி ஸ்வரத்தை ஊகித்துக்கொள்ளும். ஆனால் முழக்கத்தை முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஓடவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடும். அது நிற்கும் இடத்தில்தான் முதுகு சில்லிடும்.

நிசப்தம் வேண்டிய இடத்தில் டிராக்கை மியூட் செய்தேன். படம் அறுந்துபோன மாதிரி இருக்கிறது.

ஒலியே இல்லாத இடம் உலகத்தில் கிடையாது. ஷூட்டிங் முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பது அதுதான். நிசப்தம் வேண்டுமானால் அதை அடியில் வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் சத்தங்களை ஒவ்வொன்றாக எடுங்கள். முதலில் தெரு, பிறகு மின்விசிறி, கடைசியில் ஃபிரிட்ஜ். எது போனது என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ போய்விட்டது என்று மட்டும் உடம்புக்குத் தெரியும்.

மெதுவாக நெருங்கும் ஷாட்டுக்கு ஜூமா, டிராலியா?

டிராலியில், அதாவது கேமராவையே வண்டியில் வைத்து நகர்த்திப் போனால், நாம் நடந்து நெருங்குகிறோம். ஜூமில் நாம் நகர்வதில்லை, யாரோ தூரத்தில் இருந்து கண்காணிக்கிற உணர்வு வரும். கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்', 1974, சான்ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தை உயரத்திலிருந்து ஜூம் செய்தபடிதான் தொடங்கும். இடையிடையே பேச்சொலி கொரகொரவென்று சிதையும். படம் பழுது என்று நினைப்போம். ஒட்டுக்கேட்கும் மைக்கின் சத்தம் அது என்று பிறகு புரியும். அந்த ஒலியும் வால்டர் மர்ச் வேலைதான்.

அட்மாஸில், அதாவது தியேட்டரில் நாலா பக்கமும் மேலேயும் ஒலி வரும் முறையில், பேயின் சத்தத்தைப் பின்னால் ஓடவிடலாமா?

ஒருமுறை செய்யலாம். அடிக்கடி செய்தால் ரசிகர் திரையை விட்டுவிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

கையில் ஒரு மொபைல், ஒரு சாதாரண மைக், எங்கள் வீடு. இதை வைத்து ஒரு தொடக்கம் எடுக்க முடியுமா அண்ணா?

தாராளமாக. அடுப்பில் பால் வையுங்கள். அம்மா யாரிடமோ போனில் பேசிக்கொண்டு நிற்கட்டும். கேமராவை ஸ்டாண்டில் வைத்துப் பால் பாத்திரத்தை மட்டும் பிடியுங்கள், அம்மாவின் கை மட்டும் தெரிந்தால் போதும். பால் பொங்க மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதுதான் உங்கள் டைமர். கேட் கொண்டி விலகும் சத்தத்தை வாசலில் போய்த் தனியாக, கிட்டத்திலிருந்து பதிவு செய்யுங்கள், எடிட்டில் சன்னமாக வையுங்கள். பிறகு செருப்புக் கழற்றாத காலடி. அம்மா பேச்சை நிறுத்தக் கூடாது, அவளுக்குக் கேட்கவில்லை. பால் விளிம்புக்கு ஏறட்டும். பேச்சு பாதி வார்த்தையில் நிற்கட்டும். அடுப்பை அணைக்க யாரும் வர வேண்டாம்.

வந்தவன் முகத்தை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த ஷாட் கையில் இருந்தால் எடிட்டில் அதைப் போடாமல் இருக்க மனசு வராது.