ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தான் என்றால், கணினியில் போல எந்தக் கைப்பேசியிலும் விரும்பிய இயங்குதளத்தை நிறுவ முடியாதது ஏன்?

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ் கெர்னல்தான் (வன்பொருளை இயக்கும் மையநிரல்). சிக்கல் வன்பொருளில் இருக்கிறது. மேசைக் கணினியில் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் கொண்ட பென்டிரைவைச் செருகி இயக்கினால், தன்னிடம் என்னென்ன உறுப்புகள் உள்ளன என்பதைப் பெரும்பாலும் கணினியே கெர்னலுக்குச் சொல்லிவிடும். கைப்பேசியிலோ, திரை எந்த இணைப்பில் இருக்கிறது, மின்கலத்தை எந்தச் சில்லு கவனிக்கிறது என்பதையெல்லாம் 'டிவைஸ் ட்ரீ' என்னும் கோப்பில் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியே எழுதித் தரவேண்டும். அதன் பிறகும் கேமரா, மோடம் போன்றவற்றுக்கான ஃபர்ம்வேர் (அந்த உறுப்புகளுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) மூலநிரல் இன்றியே வருகிறது. இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரும் பூட்டியிருக்கும் (திறக்க அனுமதிக்கும் நிறுவனங்களும் உண்டு, ஆனால் திறக்கும்போது உள்ளிருக்கும் தரவு அழிந்துவிடும்). ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மாற்று இயங்குதளமான லீனியேஜ்ஓஎஸ் நிறுவும் எண்ணமிருந்தால், வாங்கும் முன்பே அதன் ஆதரவுப் பட்டியலில் மாடல் எண்ணை எழுத்துப் பிசகாமல் சரிபாருங்கள். ஒரே பெயரில் விற்கும் இரு கைப்பேசிகளுக்குள் சில்லு வேறாக இருப்பதுண்டு.