மைதானத்திலிருந்து மகளை அழைத்து வந்த தந்தைக்கு

கேள்வி: எனக்கு வயது 56. கோவில்பட்டிக்கு அருகில் வசிக்கிறேன். சிறு வயது முதலே ஹாக்கி ரசிகன். நம் தேசிய விளையாட்டை இந்த நாடு கைவிட்டுவிட்டது என்ற வேதனை என்னை உறங்க விடுவதில்லை. கிரிக்கெட்டுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். எட்டு முறை ஒலிம்பிக் தங்கம் வாங்கித் தந்த விளையாட்டுக்கு நாதியில்லை. டெல்லியில் மல்யுத்த வீராங்கனைகளைப் போலீசார் இழுத்துச் சென்ற நாளில் நான் சாப்பிடவில்லை. அமைச்சர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதி ஓய்ந்துவிட்டேன். வீட்டில் இதைப் பற்றிப் பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை. என் மகளும் ஒன்பதாம் வகுப்பு வரை பள்ளி அணியில் ஆடியவள்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திவிட்டோம், வெயிலில் கறுத்துப் போகிறாள் என்று என் மனைவியும் சொன்னார். அவளுடைய ஸ்டிக் இப்போது மொட்டைமாடிக் கதவுக்கு முட்டுக் கொடுக்க உதவுகிறது. பிளஸ் ஒன் படிக்கிறாள். கிரிக்கெட் பார்ப்பதையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். இந்த வேதனையிலிருந்து மீள என்ன வழி?

– வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கடிதம் நான்கு பக்கம். இடம் கருதி அதைச் சுருக்கியிருக்கிறோம். ஆனால் உங்கள் மகளைப் பற்றிய வரிகளில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. நான்கு பக்கத்தில் அவளுக்கு நீங்கள் ஒதுக்கிய இடமே அவ்வளவுதான்.

ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு வருகின்றன. நாட்டுப்பற்று மிக்க உள்ளம் என்று உங்களைப் பாராட்டி, காலம் மாறும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவைக்கலாம். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முதலில் உங்கள் குற்றச்சாட்டைப் பார்த்துவிடுவோம். ஹாக்கி நம் தேசிய விளையாட்டு என்று சொல்லும் சட்டமோ அரசாணையோ கிடையாது. 2012-ல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்றுதான் மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் தந்தது. 1928 முதல் 1956 வரை நடந்த ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலும் தொடர்ந்து தங்கம், பிறகு 1964-ல் ஒன்று, 1980-ல் மாஸ்கோவில் சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் ஒன்று என்று வென்றுகொண்டே வந்ததால், மக்கள் தாமாகவே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். இந்த நாட்டின் சிற்றூர்களிலும் கன்டோன்மென்ட் தெருக்களிலும் தங்கள் பிள்ளைகளின் கையில் மட்டையைக் கொடுத்து அனுப்பிய பெற்றோர்கள் அந்தப் பெயருக்குப் பொறுப்பு. அது மங்கியிருந்தால் அதற்கும் அவர்களைப் போன்றவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, நாதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு நம் ஆண்கள் அணி தகுதியே பெறாத அந்த நாட்களில் இதை எழுதியிருந்தால் நானும் தலையசைத்திருப்பேன். ஆனால் 2018 முதல் ஒடிசா அரசு தேசிய அணிகளுக்குப் பொருள் உதவி செய்துவருகிறது. டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதக்கம், 2024-ல் பாரிஸில் இன்னொன்று என்று இரண்டு வெண்கலங்கள் வந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை சென்னை எழும்பூரில் நடந்து, இறுதிப் போட்டியில் மலேசியாவை 4-3 என்று வென்றோம். 2025 இறுதியில் இளையோர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. மதுரை உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டர். உங்கள் கோவில்பட்டியிலேயே செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கிறது. ஆண்டுதோறும் அகில இந்திய அளவில் போட்டி நடக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற கார்த்தியும் மாரீஸ்வரனும் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். ஹாக்கியை நாடு கைவிட்டது என்று புலம்பும் உரிமை நாட்டில் வேறு எந்த ஊர்க்காரருக்கு இருந்தாலும், உங்களுக்கு இல்லை.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். மாஸ்கோ இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றதை வானொலியில் கேட்டதைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். யார் எந்த நிமிடத்தில் அடித்தார் என்பதுகூட உங்களுக்கு நினைவிருக்கிறது. உங்கள் மகள் எந்த இடத்தில் ஆடினாள்? முன்வரிசையிலா, பின்வரிசையிலா? எந்தப் பள்ளியோடு ஆடிய போட்டியில் வென்றார்கள்? அவள் ஆடிய ஒரு போட்டியையாவது கோட்டுக்கு வெளியே நின்று நீங்கள் பார்த்தீர்களா? நிறுத்திவிட்டோம் என்று சொன்ன அன்று அவள் என்ன சொன்னாள்? இவற்றில் எதுவுமே உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் கூரைக்குக் கீழே ஒரு ஹாக்கி வீராங்கனை வளர்ந்துகொண்டிருந்தாள். நீங்கள் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள். அவளுடைய ஸ்டிக் கதவுக்கு முட்டாகக் கிடப்பதை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே படியேறிப்போய், நாட்டின் அலட்சியத்தைப் பற்றிக் கடிதம் எழுத உங்களால் எப்படி முடிந்தது?

அவளும்தான் அதைப் பார்க்கிறாள் என்பதை யோசித்தீர்களா? பதினாறு வயதுப் பெண் துணி காயப்போட மாடிக்குப் போகும் ஒவ்வொரு முறையும், தான் வியர்வை சொட்டப் பிடித்திருந்த கைப்பிடியைக் காலால் தள்ளிவிட்டுத்தான் கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. வீட்டில் நீங்கள் ஹாக்கி பேசினால் யாரும் காது கொடுப்பதில்லை என்று வருந்துகிறீர்கள். அவள் எப்படிக் காது கொடுப்பாள்?

மனைவியும் சொன்னார் என்று எழுதியிருப்பது எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. நல்லது நடந்தால் நான், பழி வந்தால் அவர் என்று பங்கு பிரிப்பது குடும்பத் தலைவருக்கு அழகல்ல. நிறம் மங்கினால் நாளை வரன் அமையுமா என்று ஒரு தாய் அஞ்சுகிறார் என்றால், பெண் பார்க்க வருபவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே அந்த அச்சம் அவருக்குள் வளர்ந்திருக்கிறது. அதைப் பேசித் தீர்க்கும் கடமை கணவருக்கு உண்டு. நீங்கள் பேசவில்லை, அந்த அச்சம் உங்களுக்கு வசதியாக இருந்ததால் அதன் பின்னால் ஒதுங்கிக்கொண்டீர்கள். கரிசல் காட்டு வெயிலில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்து நம்மை வளர்த்த பெண்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஒரு பெண் குழந்தை மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஓடியாடுவதால் போய்விடும் மதிப்பு என்று ஒன்று இருந்தால், அந்த மதிப்பைக் கேட்டு வரும் வீட்டுக்கு அவளைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

டோக்கியோவில் நம் பெண்கள் நான்காம் இடத்தோடு திரும்பியபோது அழுததாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அணியில் ஆடிய வந்தனா கட்டாரியாவை நினைவிருக்கும். தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் என்ற பெயரைப் பெற்றார். அரையிறுதியில் தோற்றதும் ஹரித்வார் அருகே அவர் வீட்டின் முன் நின்று சாதியைச் சொல்லி ஏசினார்கள். பெண் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று ஊரார் கேட்டபோது அவரை மைதானத்துக்கு அனுப்பிவைத்தவர் அவருடைய தந்தை. 2021 மே மாதம் அந்தத் தந்தை இறந்தபோது மகள் பெங்களூருப் பயிற்சி முகாமில் இருந்தார். இறுதிச் சடங்குக்குக்கூடப் போக முடியவில்லை. அணித் தலைவி ராணி ராம்பாலின் தந்தை வண்டி இழுத்துப் பிழைத்தவர். நீங்கள் கண்ணீர் விட்டது இப்படிப்பட்ட தந்தைகள் பெற்ற பெண்களுக்காக. அவர்கள் செய்ததில் பத்தில் ஒரு பங்கை உங்களிடம் உங்கள் மகள் எதிர்பார்த்திருப்பாள்.

மல்யுத்த வீராங்கனைகளுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு மகளை எப்படி அனுப்புவது என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும், உங்கள் கடிதத்தில் அது இல்லை என்பதுகூட எனக்கு வியப்பாகவே இருந்தது. பாலியல் துன்புறுத்தல் புகாரோடு 2023 ஜனவரியில் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் உட்கார்ந்த அந்தப் பெண்கள், மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கிப் போகையில் தடுத்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவர்களில் ஒருவரான சாக்‌ஷி மாலிக் மல்யுத்தத்தையே விட்டார். அச்சம் நியாயமானது. ஆனால் அச்சத்துக்கு மருந்து பெண்ணை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வது என்றால், தவறு செய்பவர்களுக்கு மைதானத்தை எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், விளையாட்டுப் பயிற்சி நிலையத்தையும் அரங்கத்தையும் பணியிடம் என்றே சேர்த்து வரையறுக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கப் போக்சோ சட்டம் இருக்கிறது. பயிற்சியாளர் யார், வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பொறுப்பாளர் உடன் வருகிறாரா, தங்கும் இடம் எது, புகார் என்றால் யாரிடம் போக வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் மைதானத்தின் ஓரத்தில் தினமும் நின்றால், அங்கே நடப்பதே மாறும். டெல்லிக்காக ஒரு வேளை பட்டினி கிடந்ததைவிட உங்கள் ஊர் மைதானத்தில் தினமும் ஒரு மணி நேரம் நிற்பது கடினம் என்பது எனக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் முக்கியம்தான். அதற்காக ஓராண்டு பயிற்சியைக் குறைத்திருக்கலாம், அடியோடு நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. தேர்வு முடிந்தும் ஏன் திரும்ப அனுப்பவில்லை என்பதற்கு உங்களிடம் பதில் இல்லை. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவு இருக்கிறது. சென்னை ஐஐடிகூட 2024-25 கல்வியாண்டு முதல் விளையாட்டு வீரர்களுக்கென்று தனி இடங்களைத் திறந்திருக்கிறது. 2025 ஜனவரியில் ராஞ்சியில் பெண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் முதல்முறையாக நடந்தது. இவற்றுக்காக அவள் ஆட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஹாக்கி ஆடினால் எதிர்காலம் இல்லை என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் அது பொய் என்பதற்காகச் சொல்கிறேன்.

அரசைக் கேள்வி கேட்பதை விட்டுவிடுங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கேளுங்கள், ஆனால் பதில் வரக்கூடிய இடத்தில் கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானமும் விளையாட்டுப் பொருட்களும் இருக்க வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர்களே இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வட்டாரத்தில் எத்தனை பள்ளிகளில் பெண்களுக்கு ஹாக்கி அணி இருக்கிறது, எத்தனை பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, விளையாட்டுப் பாடவேளையில் கணக்குப் பாடம் நடப்பது எங்கே என்பதையெல்லாம் ஒரு மாதத்தில் நீங்களே திரட்டிவிடலாம். அந்தப் பட்டியலோடு மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளுக்குப் போங்கள். அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களுக்குக் கிடைக்காத பதில் அங்கே கிடைக்க வாய்ப்பு உண்டு.

அதற்கெல்லாம் முன்பு வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீங்களும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து மகளிடம் பேசுங்கள். அவளைக் கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்று இருவரும் சொல்லுங்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் பெற்றோரின் மரியாதை குறையாது. இன்னும் ஆட விரும்புகிறாயா என்று கேளுங்கள். அவள் வேண்டாம் என்றும் சொல்லலாம். இரண்டு ஆண்டு இடைவெளியில் உடன் ஆடியவர்கள் முன்னேறிப் போயிருப்பார்கள். ஓட்டமும் மூச்சும் பழையபடி வராது. அந்தக் கூச்சம் அவளுக்கு இருக்கும். வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும். நாட்டுக்காக ஆடு, எனக்காக ஆடு என்று உங்கள் ஏக்கத்தை அவள் தோளில் ஏற்றினால், முதலில் செய்த தவறையே வேறு விதமாகச் செய்பவர் ஆவீர்கள். அந்த ஸ்டிக்கைத் துடைத்து அவளுடைய அறையில் வைத்துவிட்டு, கதவுக்கு ஒரு செங்கல்லைத் தேடிக்கொள்ளுங்கள்.

சரி என்றால், மறுநாளே அவளுடைய பழைய உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டும் காலணியும் இப்போது அளவு பற்றாது. புதிதாக வாங்க வேண்டியிருக்கும். ஸ்டிக்கையும் உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். முதல் மாதம் அவளை அழைத்துப் போய் அழைத்து வரும் வேலை உங்களுடையது. வாரத்தில் ஒரு நாளாவது உங்கள் மனைவி வரட்டும். மகள் ஓடுவதை ஒரு முறை நேரில் பார்த்த பிறகு நிறத்தைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

கிரிக்கெட் பார்ப்பதை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. உங்கள் மகளை மைதானத்திலிருந்து அழைத்து வந்தது கிரிக்கெட் அல்ல. தாராளமாகப் பாருங்கள், அவளுக்குப் பயிற்சி இல்லாத நாட்களில்.